ஆல்ப்ஸ் மலையில் நெடுந்தூர நடைப்பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்ப்ஸ் மலையில் பல நாட்கள் தொடர்ந்து நடக்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன. கயிறும் பனிக்கோடரியும் கொண்டு சிகரம் ஏறுவோர்க்கு இது பயன்படாது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து ஏறிக் கணவாயைக் கடந்து, இரவு மலைக்குடிலில் தங்கி, மறுநாள் காலையில் மீண்டும் நடக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது.

நெடுந்தூரப் பாதை என்று ஆல்ப்ஸில் எதைச் சொல்கிறார்கள்?

மத்தியதரைக் கடலோரத்தில் தொடங்கி ஸ்லோவேனியா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு வில்லாக வளைந்து கிடக்கிறது ஆல்ப்ஸ். பிரான்ஸ், மொனாக்கோ, இத்தாலி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா ஆகிய எட்டு நாடுகளில் அது பரவியிருக்கிறது. இங்குள்ள பாதைகளில் பெரும்பாலானவை நடைப்பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. கோடைக்காலத்தில் மாடுகளை உயரத்து மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்ற தடங்களும், வணிகர்கள் சரக்குடன் கணவாய் கடந்த தடங்களும், போர்க்காலத்தில் படைகள் அமைத்த தடங்களுமே இன்று நாம் நடக்கும் பாதைகள்.

இவற்றைத் தொடர்ச்சியான வழிகளாக மாற்றியதில் மலையேற்றச் சங்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்திரியச் சங்கம் 1862இலும், சுவிஸ், இத்தாலியச் சங்கங்கள் 1863இலும், ஜெர்மன் சங்கம் 1869இலும், பிரெஞ்சுச் சங்கம் 1874இலும் தோன்றின. ஒரு நாள் நடைக்கு ஒரு குடில் என்ற கணக்கில் அவை கட்டிய குடில்களும், பாறைகளில் தீட்டிய வண்ணக்குறிகளும் சேர்ந்துதான் நெடுந்தூர நடையைச் சாத்தியமாக்கின. ஆகவே, இங்கே ஒரு பாதையைப் படிப்பது என்றால் அதன் குடில்களின் வரிசையைப் படிப்பது என்றே பொருள்.

பெயர்பெற்ற பாதைகள் எவை?

முதலில் சொல்லவேண்டியது மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் பாதை. ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வட்டம் பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியே செல்கிறது. மொத்த ஏற்றம் மட்டும் 10,000 மீட்டர் அளவுக்கு வரும். பெரும்பாலோர் ஷமோனிக்கு அருகிலுள்ள லே ஹூஷ் கிராமத்தில் தொடங்கி, இடஞ்சுழியாக 10 அல்லது 11 நாட்களில் முடிக்கிறார்கள். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கையியலாளர் ஹோராஸ் பெனடிக்ட் து சொசூர் 1767லேயே இந்த மலையைச் சுற்றி வந்தார். அந்தச் சிகரத்தின் உச்சியை மனிதர் முதன்முதலில் தொட்டது அதற்குப் பின் 19 ஆண்டுகள் கழித்து, 1786இல்தான். நடைப்பயணி ஒருவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது: மலையின் உச்சி அறியப்படுவதற்கு முன்பே அதன் சுற்றுப்பாதை அறியப்பட்டிருந்தது.

பிரான்சின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை செல்லும் 'ஓத் ரூட்' எனப்படும் உயர்வழி இதைவிடக் கடினமானது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள இதன் கணவாய்களில் சில 3,000 மீட்டரை நெருங்குகின்றன. இதே பெயரில் பனியாறுகளின் மேல் செல்லும் மலையேறிகளின் வழியும் ஒன்று இருப்பதால், வரைபடம் வாங்கும்போது நடப்போருக்கான வழியா என்று பார்த்து வாங்கவேண்டும்.

இத்தாலியின் டோலமைட் மலைகளில் பிராயெஸ் ஏரியிலிருந்து பெல்லூனோ நகரை நோக்கி இறங்கும் ஆல்ட்டா வியா 1, ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இதன் வழியிலுள்ள லகத்சுவோய் குடில் 2,752 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் கீழே முதல் உலகப் போரில் படைவீரர்கள் பாறைக்குள் குடைந்த சுரங்கங்களை இன்றும் காணலாம். ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபிலிருந்து ஆஸ்திரியா வழியாக இத்தாலியின் மெரானுக்குச் செல்லும், 'ஈ5' என்னும் ஐரோப்பிய நெடுந்தூரப் பாதையின் பகுதி ஒரு வாரத்தில் ஆல்ப்ஸின் முதுகைக் கடந்துவிடுவதால், விடுமுறை குறைவாக உள்ளவர்கள் அதை விரும்புகிறார்கள்.

ஒரு மாதம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. லூட்விக் கிராஸ்லர் என்பவர் வகுத்து 1977இல் வெளியிட்ட மியூனிக்–வெனிஸ் பாதை, ஒரு நகரத்தின் சதுக்கத்தில் தொடங்கி இன்னொரு நகரத்தின் சதுக்கத்தில் முடிகிறது. ஏறத்தாழ 550 கிலோமீட்டர், 28 நாட்கள். ஜெனீவா ஏரியிலிருந்து நீஸ் நகரின் கடற்கரை வரை செல்லும், 'ஜி.ஆர்.' எனப்படும் பிரெஞ்சு நெடுந்தூரப் பாதைகளில் ஒன்றான ஜி.ஆர். 5, பிரெஞ்சு ஆல்ப்ஸை வடக்கிலிருந்து தெற்காக முழுவதும் கடக்கிறது. ஸ்லோவேனியாவில் மாரிபோரிலிருந்து அட்ரியாட்டிக் கடல்வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மலைப்பாதை 1953இல் திறக்கப்பட்டது; ஒவ்வொரு குடிலிலும் சிகரத்திலும் முத்திரை குத்திக்கொண்டு பல கோடைகளில் அதை நடந்து முடிப்பது அந்த நாட்டு மக்களிடையே வழக்கம். ட்ரியஸ்ட் நகரையும் மொனாக்கோவையும் எட்டு நாடுகளின் வழியே இணைக்கும் வியா ஆல்பினா ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் நடப்போர் மிகச் சிலரே.

முதல்முறை நடப்பவருக்கு எது பொருந்தும்?

பலரும் மோன் பிளாங் வட்டத்தையே சொல்வார்கள். பாதைக் குறிகள் தெளிவானவை. பள்ளத்தாக்குகளில் பேருந்து வசதி உண்டு. இடையில் விலகுவது எளிது. ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே கூட்டம் மிகுதி. கூட்டத்தை விரும்பாதவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் தேசியப் பாதை எண் 1ஐப் பரிந்துரைப்பேன். லீக்டன்ஸ்டைனிலிருந்து மோந்த்ரூ வரை ஏறத்தாழ 390 கிலோமீட்டர், 20 நாள் நடைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதில் ஐந்து நாட்களுக்கான துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பல இரவுகளில் கிராமத்திலேயே தங்கலாம்.

தனிமையே வேண்டும் என்பவர்கள் இத்தாலியின் மேற்கு ஆல்ப்ஸில் செல்லும் 'கிராந்தே டிராவர்சாத்தா' பாதையைப் பார்க்கலாம். அங்கே சில பள்ளத்தாக்குகளில் மக்கள் வெளியேறிப் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. நடப்பவர்கள் தரும் வாடகையும் உணவுக் கட்டணமும் அங்குள்ள சிறு விடுதிகளுக்கு உண்மையான துணையாக இருக்கின்றன.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்க முடியும்?

இந்தக் கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும் என்பதே என் பதில். சமவெளியில் நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் நடந்து பழகியவர், அதே கணக்கை ஆல்ப்ஸுக்குக் கொண்டுவந்தால் இரண்டாம் நாளே சிக்கலில் மாட்டிக்கொள்வார். இங்கே அளவுகோல் தூரம் அல்ல, ஏற்றமும் இறக்கமும் நேரமுமே. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளைப் பாருங்கள்: அவற்றில் அடுத்த இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்றுதான் எழுதியிருக்கும்; கிலோமீட்டர் பெரும்பாலும் இருக்காது. அந்த நேரத்தில் ஓய்வு நேரம் சேர்க்கப்படவில்லை என்பதையும் அறிந்திருக்கவேண்டும்.

ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் வழங்கும் ஒரு கணக்கு முறை மிகவும் பயனுள்ளது. சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர் உயரம், இறக்கத்தில் மணிக்கு 500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கான நேரத்தைத் தனியாகவும், ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தைத் தனியாகவும் கணக்கிட்டு, இரண்டில் பெரியதுடன் சிறியதில் பாதியைக் கூட்டவேண்டும். எடுத்துக்காட்டாக, மோன் பிளாங் வட்டத்தில் லே கோந்தமீன் ஊரிலிருந்து பொனோம் கணவாயைத் தாண்டி அதன் மேலுள்ள குடிலுக்குச் செல்லும் நாள்நடையில் தூரம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர், ஏற்றம் ஏறத்தாழ 1,300 மீட்டர். தூரத்துக்கு மூன்றேகால் மணி, ஏற்றத்துக்கு நான்கு மணி இருபது நிமிடம். ஆக மொத்தம் ஆறு மணி நேரம். உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி சேர்த்தால் காலை ஏழு மணிக்குக் கிளம்பியவர் பிற்பகல் இரண்டரைக்குக் குடில் சேர்வார். 13 கிலோமீட்டர்தானே என்று பத்து மணிக்குக் கிளம்புகிறவர், இடிமழை வரும் நேரத்தில் சரியாகக் கணவாயின் மேல் நிற்பார்.

முதல் பயணத்தில் நாளொன்றுக்கு 800 முதல் 1,000 மீட்டர் வரை ஏற்றமும், ஆறு மணி நேர நடையும் போதும். முதல் இரண்டு நாட்களை இதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ளவேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் பலரை முடக்குவது இறக்கத்தில் முழங்கால் படும் பாடுதான்.

மலையேறும் பயிற்சி தேவையா? பாதையின் கடினத்தை எப்படி அறிவது?

பெரிய பாதைகளின் முதன்மை வழிகளில் கயிறு தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நடைப்பாதைகளுக்கு ஒரே வண்ணமுறை உண்டு: மஞ்சள் குறி எளிய நடைக்கு, வெள்ளை–சிவப்பு–வெள்ளை மலைநடைக்கு, வெள்ளை–நீலம்–வெள்ளை பாறையில் கைவைத்து ஏறவும் பனியாறு கடக்கவும் நேரக்கூடிய வழிக்கு. இவற்றோடு, எளிய டி1 முதல் மிகக் கடினமான டி6 வரை சுவிஸ் மலையேற்றச் சங்கம் வகுத்த தரவரிசையும் நூல்களில் பயன்படுகிறது. நெடுந்தூரப் பாதைகள் பெரும்பாலும் டி2, டி3 தரத்தில் அமையும். செங்குத்துச் சரிவை ஒட்டிய குறுகிய தடத்தில் தலைசுற்றல் இன்றி நடக்க முடிகிறதா என்பதை ஒரு நாள் நடையில் சோதித்துப் பார்த்துவிட்டு வெள்ளை–சிவப்பு–வெள்ளைப் பாதைக்கு வருவது நல்லது.

எல்லை தாண்டினால் குறிகளும் மாறும். பிரான்சின் ஜி.ஆர். பாதைகளில் வெள்ளைக் கோட்டுக்குக் கீழே சிவப்புக் கோடு. இரண்டும் குறுக்காகப் பெருக்கல் குறிபோல் தீட்டப்பட்டிருந்தால் அந்த வழி தவறு என்று பொருள். ஸ்லோவேனியாவில் வெள்ளைப் புள்ளியைச் சுற்றிய சிவப்பு வளையம். ஆஸ்திரியாவில் பலகையிலுள்ள சிவப்புப் புள்ளி நடுத்தரக் கடினத்தையும் கறுப்புப் புள்ளி மிகுந்த கடினத்தையும் குறிக்கின்றன.

எந்த மாதம் செல்லலாம்?

ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை பெரும்பாலான குடில்கள் திறந்திருக்கும். ஜூனில் செல்கிறவர்கள் பூக்களைக் காண்பார்கள், பனியையும் காண்பார்கள். 2,500 மீட்டர் அளவிலுள்ள கணவாய்களின் வடக்குச் சரிவில் ஜூலைத் தொடக்கம் வரை பனித்திட்டுகள் கிடப்பது வழக்கம்.

அந்தப் பனித்திட்டைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். காலை எட்டு மணிக்கு அது கல்லைப்போல் இறுகியிருக்கும். காலணியின் முனை அதில் இறங்காது. அதன் மேல் நேற்று மாலை நடந்தவர்களின் காலடித் தடங்கள் இரவில் உறைந்து வழவழப்பாகியிருக்கும். இருபது அடி எடுத்துவைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் சறுக்கினால் எங்கே போய் நிற்போம் என்பதைக் கீழே பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். கீழே பாறைகள் இருந்தால், வெயில் பனியை இளக்கும்வரை காத்திருப்பதோ திரும்புவதோ தவிர வேறு வழி இல்லை. இந்தக் காரணத்துக்காகவே, முதல்முறை வருவோருக்கு ஜூலை நடுப்பகுதிக்குப் பிந்திய காலத்தையே நான் சொல்வேன். செப்டம்பரின் முதல் மூன்று வாரங்கள் இன்னும் சிறப்பு: கூட்டம் குறையும், வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். பகல் சுருங்குவதையும், திடீரெனப் புதுப்பனி விழக்கூடும் என்பதையும் மட்டும் கணக்கில் கொள்ளவேண்டும்.

மலைக்குடில் எப்படி இருக்கும்?

உள்ளே நுழைந்ததும் வருவது காலணி அறை. ஈரக் காலணிகளும் நடைக்கோல்களும் வரிசையாக நிற்கும் அந்த அறையைத் தாண்டிக் காலணியோடு யாரும் போவதில்லை. அங்கே வைத்திருக்கும் செருப்புகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு, குடில் பொறுப்பாளரிடம் பெயரைச் சொல்லிப் பதிவுப் புத்தகத்தில் எழுதவேண்டும். அடுத்து எங்கே செல்கிறோம் என்பதையும் அதில் எழுதும் வழக்கத்தை ஒரு சடங்காகக் கருதவேண்டாம். யாராவது காணாமற்போனால் மீட்புக் குழுவினர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

உறங்குவதற்குப் பொது அறை. அகன்ற மரத்தட்டில் பத்துப் பன்னிரண்டு மெத்தைகள் அடுத்தடுத்து விரிக்கப்பட்டிருக்கும். சில குடில்களில் சிறு அறைகளும் உண்டு. கம்பளி அங்கேயே கிடைக்கும். ஆனால் துணியாலான மெல்லிய தூங்குபை உறையை நாமே கொண்டுசெல்லவேண்டும், அநேகமாக எல்லாக் குடில்களிலும் இது கட்டாயம். இரவு உணவு ஆறரை, ஏழு மணி அளவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறப்படும். முன்பின் அறியாதவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து, மறுநாள் கணவாயில் பனி இருக்கிறதா, எந்த ஊற்றில் தண்ணீர் வருகிறது என்று கேட்டுக்கொள்வதைப்போல் பயனுள்ள உரையாடல் வேறில்லை. இரவு பத்து மணிக்கு விளக்கணைந்து அமைதி தொடங்கிவிடும். வெந்நீர்க் குளியல் எல்லா இடத்திலும் கிடைக்காது; கிடைத்தாலும் கட்டணம் உண்டு. தண்ணீர் குறைவான சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் முகம் கழுவ மட்டுமே கிடைக்கலாம்.

முன்பதிவு கட்டாயமா?

கோடையில் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோன் பிளாங் வட்டத்துக்கும் ஆல்ட்டா வியா 1க்கும் பல மாதங்களுக்கு முன்பே இடம் பிடிக்கவேண்டியிருக்கும். 2003 முதல் ஆகஸ்ட் இறுதி வாரத்தில் மோன் பிளாங்கைச் சுற்றி மலையோட்டப் போட்டி நடப்பதால் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. ஏதேனும் ஒரு மலையேற்றச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால், சங்கங்களுக்கிடையேயான உடன்பாட்டால் பிற நாட்டுக் குடில்களிலும் தங்கும் கட்டணம் குறையும். பணமாகவும் கொஞ்சம் வைத்திருக்கவேண்டும், ஏனெனில் அட்டைக் கருவி எல்லா உயரத்திலும் வேலை செய்வதில்லை. சுவிட்சர்லாந்திலும் லீக்டன்ஸ்டைனிலும் பிராங்க், மற்ற நாடுகளில் யூரோ.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், முன்பதிவின்போதே சொல்லிவிடவேண்டும். பொருட்கள் பல குடில்களுக்குச் சரக்குக் கம்பிவடத்திலோ ஹெலிகாப்டரிலோ வருவதால், மாலையில் போய் நின்று கேட்டால் சமையலறையில் மாற்று இருக்காது. சூப் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாற்றில் செய்யப்படுவதால், துண்டுகள் இல்லை என்பதை மட்டும் வைத்துச் சைவம் என்று கொள்ளக்கூடாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். பாலாடைக்கட்டி, சோளமாவில் கிண்டிய பொலென்தா, உருளைக்கிழங்கு ரோஸ்டி, முட்டை சேர்த்த இனிப்பு அப்பத் துண்டுகளான கைசர்ஷ்மார்ன் ஆகியவை பரவலாகக் கிடைப்பவை. பால் பொருட்களும் முட்டையும் தவிர்ப்பவர்களுக்கு நிலைமை கடினம். அவர்கள் பருப்புகளும் உலர்பழங்களும் கூடுதலாக எடுத்துச்செல்லவேண்டும்.

கூடாரம் அடித்துத் தங்கலாமா?

நாட்டுக்கு நாடு, சில இடங்களில் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு சட்டம் மாறுகிறது. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் முகாம் மைதானங்களுக்கு வெளியே கூடாரம் அடிக்கத் தடை, ஸ்லோவேனியாவிலும் தடை. 1914இல் அமைக்கப்பட்ட சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள் பாதையை விட்டு விலகுவதற்கே அனுமதி இல்லை. பிரான்சில் பல காப்புப் பகுதிகளில் இரவு ஏழு மணிமுதல் காலை ஒன்பது மணிவரை சிறு கூடாரத்துக்கு இடம் தருகிறார்கள். வனுவாஸ் தேசியப் பூங்காவிலோ குறிப்பிட்ட சில குடில்களின் அருகில் மட்டுமே. உயரத்து மண்ணும் செடிகளும் ஆண்டில் சில மாதங்களே உயிர்த்திருப்பவை. ஒரே இடத்தில் நூறு கூடாரங்கள் விழுந்தால் அந்தப் புல் பல ஆண்டுகள் மீளாது. தடை இல்லாத இடத்திலும் குடிலில் தங்குவதே மலைக்கு நல்லது என்று நான் கருதுகிறேன்.

வானிலையைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ளவேண்டும்?

உயரம் 100 மீட்டர் கூடக்கூட வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். 1,000 மீட்டர் உயரத்துக் கிராமத்தில் 25 டிகிரி வெயில் அடிக்கும்போது, 2,500 மீட்டர் கணவாயில் 16 டிகிரி அளவே இருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடல் அதைவிடக் குளிர்ச்சியாக உணரும். ஆகவே ஜூலையிலும் கையுறையும் கம்பளித் தொப்பியும் பையில் இருக்கவேண்டும்.

கோடையின் பெரிய ஆபத்து பிற்பகல் இடிமழை. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பத்து, பதினொரு மணி அளவில் சிகரங்களின் மேல் சிறு வெண்மேகங்கள் தோன்றும். அவை பக்கவாட்டில் பரவாமல் காலிஃபிளவர்போல் மேல்நோக்கி வளரத் தொடங்கினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் மின்னல் வரலாம். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே பத்து நொடி இருந்தால் புயல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அப்போது கணவாய், மலைமுகடு, தனிமரம், பாறையில் பதித்த இரும்புக் கம்பிவடம் ஆகியவற்றிலிருந்து விலகி, தாழ்ந்த இடத்தில் இரு பாதங்களையும் சேர்த்துக் குந்தியிருக்கவேண்டும். குழுவாக இருந்தால் ஒருவரையொருவர் தொடாமல் தள்ளித் தள்ளி இருக்கவேண்டும். இதைவிட நல்ல காப்பு, நண்பகலுக்குள் கணவாயைக் கடந்துவிடுவது. ஏழு மணிக்குக் கிளம்பச் சொன்னதன் காரணம் இதுதான். குடிலில் முந்தின இரவு ஒட்டப்படும் வானிலை அறிக்கையைப் படிக்காமல் படுக்கக்கூடாது.

உயரத்தால் உடல்நலம் கெடுமா?

பெரும்பாலான பாதைகள் 1,500 முதல் 2,800 மீட்டர் வரையிலான உயரத்திலேயே செல்வதால் கடுமையான உயரநோய் அரிது. 2,500 மீட்டருக்கு மேல் உறங்கும் முதல் இரவில் சிலருக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் வரலாம். தலைவலி கூடிக்கொண்டே போனால் கீழே இறங்குவதே மருந்து.

தண்ணீர் எங்கே கிடைக்கும்?

கிராமங்களிலும் மேய்ச்சல் குடிசைகளிலும் மரத்தொட்டியில் விழும் ஊற்றுநீர் பெரும்பாலும் குடிக்கத் தக்கது. 'கைன் டிரிங்க்வாசர்' என்றோ, 'ஓ நோன் பொத்தாப்ல்' என்றோ, 'அக்குவா நோன் பொத்தாபிலே' என்றோ எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது. ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதன் மேற்பக்கம் மாடுகள் மேயுமானால் காய்ச்சியோ வடிகட்டியோதான் பயன்படுத்தவேண்டும். பனியாற்றிலிருந்து வரும் வெண்ணிற நீரில் பாறைத்தூள் கலந்திருக்கும். சுவிஸ் குடில்கள் பலவற்றில் காலையில் கிளம்புவோருக்கு 'மார்ஷ்டே' என்னும் நடைத்தேநீரைக் குடுவையில் நிரப்பித் தருகிறார்கள்; வாங்கிக்கொள்ளுங்கள்.

மாடுகளாலும் நாய்களாலும் ஆபத்து உண்டா?

உண்டு, கரடியைப் பற்றிக் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை. கன்றுடன் இருக்கும் பசு தன் கன்றைக் காக்கத் தாக்கும். கன்றைத் தொடவோ, படமெடுக்க அருகில் செல்லவோ கூடாது; மந்தையின் நடுவே புகாமல் சுற்றிச் செல்லவேண்டும். உடன் நாய் இருந்தால் ஆபத்து கூடும். பசு தாக்க வந்தால் நாயை அவிழ்த்துவிடுவதே இருவருக்கும் நல்லது.

1992இல் பிரான்சின் மெர்கந்தூர் பகுதியில் இத்தாலியிலிருந்து வந்த ஓநாய்கள் மீண்டும் காணப்பட்டன. அதன்பின் ஆட்டுமந்தைகளோடு 'பத்தூ' எனப்படும் பெரிய வெள்ளைக் காவல்நாய்களை விடுவது பரவியது. அவை குரைத்துக்கொண்டு ஓடிவரும்போது ஓடாதீர்கள், கோலை ஓங்காதீர்கள். நின்று, அமைதியான குரலில் பேசி, நாய் நம்மை முகர்ந்து போகும்வரை பொறுத்து, மந்தையைத் தொலைவில் சுற்றிக்கொண்டு நடக்கவேண்டும்.

பையில் எவ்வளவு எடை இருக்கலாம்?

குடிலில் தங்குவோருக்குத் தண்ணீரோடு சேர்த்து 8 கிலோ. 10 கிலோவைத் தாண்டினால் எதையோ தேவையின்றி எடுத்திருக்கிறீர்கள். மழைச்சட்டை, ஒரு கம்பளி உடை, மாற்றுடை ஒன்று, தலைவிளக்கு, முதலுதவிப் பொருட்கள், தாள் வரைபடம் ஆகியவற்றைக் குறைக்கக்கூடாது. புதுக் காலணியோடு மட்டும் வரவேண்டாம்.

விபத்து நேர்ந்தால் யாரை அழைப்பது?

எல்லா நாடுகளிலும் 112. சுவிட்சர்லாந்தில் வான்வழி மீட்புக்கு 1414, ஆஸ்திரியாவில் மலைமீட்புக்கு 140. அலைபேசிச் சிக்னல் இல்லாத இடத்தில், ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை என்ற கணக்கில் ஒலியோ விளக்கொளியோ காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் அப்படியே செய்யவேண்டும். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் நம்மைக் கண்டுவிட்டார்கள் என்று பொருள். ஹெலிகாப்டர் வரும்போது இரு கைகளையும் மேலே விரித்து ஆங்கில ஒய் எழுத்துப்போல் நின்றால் 'உதவி தேவை'. ஒரு கையை மேலும் மறு கையைக் கீழும் நீட்டினால் 'தேவையில்லை'. ஆகையால் ஹெலிகாப்டரைப் பார்த்து விளையாட்டாகக் கையசைக்கக்கூடாது. சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் மீட்புச் செலவு மீட்கப்பட்டவரையே சேரும் என்பதால், மலைமீட்பு தெளிவாகக் குறிப்பிடப்பட்ட காப்பீடு எடுத்திருக்கவேண்டும்.

பனியாறுகள் உருகுவதால் பாதைகள் மாறுகின்றனவா?

மாறுகின்றன, வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன். உயரத்துப் பாறைகளை ஒட்டவைத்திருந்த நிலத்தடிப் பனி இளகுவதால் பாறைச்சரிவுகள் கூடுகின்றன. 2017 ஆகஸ்ட் 23 அன்று சுவிட்சர்லாந்தின் பித்ஸ் செங்காலோ மலையில் ஏறத்தாழ 30 லட்சம் கனமீட்டர் பாறை சரிந்தபோது, கீழே பொந்தாஸ்கா பள்ளத்தாக்கில் இருந்த எட்டு நடைப்பயணிகள் உயிரிழந்தனர். 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மர்மொலாதாவில் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து 11 பேர் இறந்தனர். 2025 மே 28 அன்று சுவிட்சர்லாந்தில் பிர்ஷ் பனியாறு சரிந்து பிளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்தது. மக்கள் சில நாட்களுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர்.

கிரேக்கன் ஊரிலிருந்து செர்மாட் செல்லும் பாதையில் 2010இல் அமைத்த தொங்குபாலம் பாறைகள் விழுந்து சேதமடைந்தது. அதற்குப் பதிலாக, விழும் பாறைகளுக்கு எட்டாத இடத்தில் 494 மீட்டர் நீளப் பாலம் ஒன்றை 2017இல் திறந்தார்கள். ஐந்தாண்டுக்கு முந்தைய வழிநூலை மட்டும் நம்பி நடக்கக்கூடாது. பாதை மூடப்பட்டிருப்பதாகப் பலகை இருந்தால், அதைத் தாண்டிப் போன காலடித் தடங்கள் எத்தனை தெரிந்தாலும், மாற்றுவழியே வழி. குடில் பொறுப்பாளர்களிடம் கேட்டால் அன்றைய நிலைமை தெரியும்.

நாடு விட்டு நாடு நடக்கையில் விசா பிரச்சினை வருமா?

மொனாக்கோ தவிர மற்ற ஏழு நாடுகளும், ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் உள்ளன. மொனாக்கோவின் எல்லையிலும் சோதனை இல்லை. ஆகவே ஒரே விசா போதும். எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாது. கணவாயின் மேல் எல்லைக்கல் மட்டுமே நிற்கும். கடவுச்சீட்டை நனையாத உறையில் வைத்து உடன் கொண்டுசெல்லவேண்டும்.

பாதியில் நிறுத்தவேண்டி வந்தால் என்ன செய்வது?

அநேகமாக எல்லாக் கணவாயிலிருந்தும் ஒரு பள்ளத்தாக்குக்கு இறங்கும் வழி உண்டு. பெரும்பாலான பள்ளத்தாக்குகளில் கோடையில் பேருந்து ஓடும். மோன் பிளாங் வட்டத்தில் கூர்மாயோர், ஷாம்பே ஆகிய ஊர்களிலிருந்து பேருந்தும் ரயிலும் மாறி ஷமோனிக்குத் திரும்பலாம். இப்படி இறங்கும் வழிகளைக் கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; விட்ட இடத்திலிருந்து அடுத்த கோடையில் தொடர்கிறவர்கள் ஏராளம். இறங்கியதும் முதல் வேலையாக அன்றிரவு இடம் பதிவுசெய்திருந்த குடிலைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடவேண்டும். இருட்டிய பின்னும் வராத ஒருவரைத் தேடி, மழையிலும் மீட்புக் குழுவினர் விளக்கோடு கிளம்பிவிடுவார்கள்.